டெக்சாஸில் எச்.ஓ.ஏ. கடிதம் வந்தால்: முப்பது நாள் கணக்கும் செய்ய வேண்டிய வேலைகளும்

டாலஸுக்கு வடக்கே வீடு வாங்கிய முதல் கோடையில், பின்புறத் தோட்டத்தில் பீர்க்கங்கொடிக்குப் பந்தல் போட்டேன். நான்கு மரக்கால்கள், மேலே கம்பி வலை, அவ்வளவுதான். கொடி வேலியைத் தாண்டி ஏறியது. ஆகஸ்டில் எங்கள் குடியிருப்பின் எச்.ஓ.ஏ.யிடமிருந்து, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கத்திடமிருந்து, சாதாரணத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. "ஒப்புதல் பெறாத கட்டுமானம்" என்று அதில் எழுதியிருந்தது. விளம்பரக் கடிதங்களோடு சேர்த்து அதையும் மேசை ஓரத்தில் வைத்துவிட்டேன். நவம்பரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அபராதமும் வழக்கறிஞர் கட்டணமுமாக 612 டாலர் கட்டச் சொன்னார்கள். நடுவில் சர்டிஃபைட் மெயிலில் (நம் ஊர்ப் பதிவுத் தபால் போன்றது) முறையான நோட்டீஸ் அனுப்பியதாகவும், முப்பது நாளுக்குள் சங்கத்தின் இயக்குநர் குழு முன் நான் விசாரணை கேட்கவில்லை என்றும் அதில் இருந்தது. அந்தத் தபால், நாங்கள் முன்பு குடியிருந்த அபார்ட்மென்ட் முகவரிக்குப் போயிருந்தது.

பணத்தைக் கட்டிய பிறகுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். விசாரணை கேட்கும் உரிமை, சரிசெய்ய அவகாசம் கேட்கும் உரிமை, ஆவணம் பார்க்கும் உரிமை எல்லாமே எனக்கு இருந்தன. ஆனால் டெக்சாஸ் சட்டம் இவற்றைத் தானாகக் கையில் கொண்டுவந்து தராது. எழுத்தில் கேட்டவருக்கு, நாள் தவறாமல் கேட்டவருக்குத்தான் தருகிறது. புதிதாக வீடு வாங்கும் ஒருவரும் என்னைப் போல் இதைத் தாமதமாகத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. தொகை பெரிதாகிவிட்டாலோ, வழக்கு என்று வந்துவிட்டாலோ வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இங்கே சொல்வது டெக்சாஸுக்கு மட்டும். கலிஃபோர்னியாவில் டேவிஸ்-ஸ்டெர்லிங் என்ற தனிச் சட்டம் இருக்கிறது. ஃபுளோரிடாவில் 720ஆம் அத்தியாயம். அங்கே இருக்கும் நண்பர் சொல்லும் நாள் கணக்கும் தொகையும் இங்கே செல்லாது.

1. உங்கள் வீடு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பாருங்கள்

டெக்சாஸ் சொத்துச் சட்டத்தில் 209ஆம் அத்தியாயம்தான் நமக்கு முக்கியம். கட்டாய உறுப்பினர் முறை உள்ள குடியிருப்புகளில் வீட்டுக்காரருக்கான பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன. சங்கம் எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கக் கூடாது என்பதில் பெரும்பகுதி 202இல் இருக்கிறது. வாங்கும்போதும் விற்கும்போதும் தர வேண்டிய தகவல்கள் 207இல்.

உங்களுடையது கான்டோ (வீட்டின் உள்பகுதி மட்டும் உங்களுக்கு, கட்டடமும் நிலமும் எல்லோருக்கும் பொது என்ற வகை) என்றால் 209 பொருந்தாது. 82ஆம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். வெளிப்பார்வைக்கு டவுன்ஹோம் (வரிசை வீடு) போல இருப்பது பத்திரத்தில் கான்டோவாக இருக்கக்கூடும். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கணக்கு.

டெக்சாஸில் எச்.ஓ.ஏ.க்களை மேற்பார்வையிடும் அரசுத் துறை எதுவும் கிடையாது. புகார் மனு எழுதிப்போட ஓர் அலுவலகம் இருக்கும் என்று தேடி நான் ஒரு வாரத்தை வீணாக்கினேன். சட்டத்தைக் காட்டிக் கேட்பதும், தராவிட்டால் நீதிமன்றம் போவதும் வீட்டுக்காரரின் வேலை.

2. கையெழுத்துப் போடும் முன் வாங்கிப் படிக்க வேண்டியவை

சங்கத்தின் அதிகாரம் எல்லாம் நிலத்தோடு ஒட்டிய நிபந்தனைப் பத்திரத்திலிருந்து வருகிறது. டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்று ரியல்டர்கள் (வீட்டுத் தரகர்கள்) சொல்வது அதைத்தான். அது கவுண்டி கிளார்க் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத விதிக்குச் செல்லுபடி கிடையாது என்று 202.006 சொல்கிறது. ஆகவே யாராவது ஒரு விதியைக் காட்டினால், அது எந்த நாளில், எந்த எண்ணில் பதிவானது என்று கேளுங்கள்.

வாங்கும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: நிபந்தனைப் பத்திரம், சங்கத்தின் துணைவிதிகள், கட்டட அழகு விதிகள், அபராதப் பட்டியல், கடைசி பட்ஜெட், சங்கம் தரும் ரீசேல் சர்டிஃபிகேட் (மறுவிற்பனைச் சான்றிதழ்). கடைசியில் சொன்னதை விடாதீர்கள். விற்பவர் வைத்திருக்கும் பாக்கி, சங்கத்துக்குத் தெரிந்த விதிமீறல்கள், நிலுவையிலுள்ள வழக்குகள், கையிருப்பு நிதி, சிறப்பு வசூல் எல்லாம் அதில் வர வேண்டும். முந்தைய உரிமையாளர் ஒப்புதல் இல்லாமல் போட்ட கொட்டகை, குளோசிங் (பணம் கட்டிப் பத்திரம் முடிப்பது) முடிந்த மறுநாளே உங்கள் விதிமீறல் ஆகிவிடும்.

செலவு: இந்தச் சான்றிதழுக்குச் சங்கம் அதிகபட்சம் 375 டாலர் வாங்கலாம். அதையே புதுப்பித்துத் தர 75 டாலர். யார் கட்டுவது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் எச்.ஓ.ஏ. இணைப்புப் படிவத்தில் அதற்கென்று கட்டம் இருக்கிறது. ரியல்டர் நிரப்பும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். அதே படிவத்தின்படி, தகவல் கைக்கு வந்த மூன்று நாளுக்குள், குளோசிங்குக்கு முன்பாக, வாங்குபவர் ஒப்பந்தத்தை ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பப் பெறலாம். மூன்றே நாள் என்பதால், வந்த அன்றே உட்கார்ந்து படியுங்கள்.

புது வீட்டுக்கு பில்டர் தன் சொந்த ஒப்பந்தப் படிவத்தில்தான் கையெழுத்து வாங்குவார். அதில் இந்த வசதி இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

சங்கம் யார், அதற்காக அன்றாட வேலைகளைப் பார்க்கும் நிர்வாக நிறுவனம் எது, வீடு கைமாறுவதற்கு என்ன கட்டணம் என்பதை அறிய hoa.texas.gov தளத்தில் இலவசமாகத் தேடலாம். 2021இல் நிறைவேறிய சட்டத்தால் சங்கங்கள் தங்கள் நிர்வாகச் சான்றிதழை அங்கே பதிவுசெய்தாக வேண்டும். அறுபது மனைகளோ அதற்கு மேலோ உள்ள சங்கம் தன் விதிகளை இணையத்திலும் வைக்க வேண்டும்.

3. குளோசிங் முடிந்த வாரமே முகவரியை எழுத்தில் கொடுங்கள்

நான் விட்ட இடம் இது. நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்ததா என்று சட்டம் பார்ப்பதில்லை. சங்கத்தின் பதிவேட்டில் உள்ள கடைசி முகவரிக்கு அனுப்பினாலே போதும். குளோசிங் காகிதங்களில் நீங்கள் எழுதியது பழைய வாடகை வீட்டு முகவரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் அன்று நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள். அதுவே சங்கத்தின் பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

நிர்வாக நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி சர்டிஃபைட் மெயிலில் அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டோடு சேர்த்துப் பத்து டாலர் அளவில் ஆகும். மின்னஞ்சல் முகவரியையும் எழுதுங்கள். பணம் கட்டும் இணையக் கணக்கில் முகவரியை மாற்றினால் நோட்டீஸ் முகவரியும் தானாக மாறும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் கழித்து, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். வாடகைக்கு விட வீடு வாங்கி நீங்கள் வேறு ஊரில் இருந்தால் இது இன்னும் முக்கியம்.

4. ஆணி அடிக்கும் முன் ஒப்புதல்

வேலி, பந்தல், கொட்டகை, பேட்டியோ கூரை, வாசல் கதவு நிறம், மரம் வெட்டுதல் என்று எதற்கு ஒப்புதல் வேண்டும் என்பது உங்கள் பத்திரத்தில் இருக்கும். நகராட்சி அனுமதி வேறு, சங்க ஒப்புதல் வேறு. ஒன்று கிடைத்ததால் மற்றது கிடைத்ததாக ஆகாது.

விண்ணப்பத்தோடு மனையின் அளவுப் படம் (குளோசிங்கில் கொடுத்த சர்வே போதும்), உயரமும் நீள அகலமும் எழுதிய படம், பொருளின் பெயர், நிறத்தின் மாதிரி, ஒப்பந்ததாரரின் மதிப்பீடு ஆகியவற்றை வையுங்கள். அனுப்பிய நாளுக்குச் சான்று வையுங்கள். எத்தனை நாளில் பதில் தர வேண்டும், பதிலே வராவிட்டால் ஒப்புதலா மறுப்பா என்பதும் பத்திரத்தில்தான் இருக்கும். பதில் வரவில்லை என்று வேலையைத் தொடங்கிவிடாதீர்கள்.

மறுத்தால் என்ன செய்வது? அடுத்த ஆண்டு நான் பந்தலுக்கு முறையாக விண்ணப்பித்தேன். "அழகியல் காரணங்களால் மறுக்கப்படுகிறது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. 209.00505ஆம் பிரிவின்படி மறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். காரணத்தை நியாயமான அளவுக்கு விளக்க வேண்டும். என்ன மாற்றினால் ஒப்புதல் கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினேன். எட்டு நாளில் பதில் வந்தது: உயரம் ஆறடிக்குள் இருக்க வேண்டும், வேலியிலிருந்து மூன்றடி தள்ளி இருக்க வேண்டும். அப்படியே மாற்றி அனுப்பினேன், ஒப்புதல் வந்தது. முதல் ஆண்டே இதைச் செய்திருந்தால் 612 டாலர் மிஞ்சியிருக்கும்.

விளக்கம் வந்தும் ஒத்துவரவில்லை என்றால், மறுப்புக் கடிதம் அனுப்பிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் இயக்குநர் குழுவிடம் விசாரணை கேட்கலாம். இந்தப் பிரிவு நாற்பது மனைகளுக்கு மேல் உள்ள சங்கங்களுக்கு. அங்கே இயக்குநரோ, அவருடைய மனைவி அல்லது கணவரோ, அவர் வீட்டில் குடியிருப்பவரோ ஒப்புதல் குழுவில் இருக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

புதுக் குடியிருப்புகளில் ஒரு பள்ளம் உண்டு. வளர்ச்சிக் காலம் முடியும்வரை, அதாவது பில்டரின் கையில் அதிகாரம் இருக்கும்வரை, இந்தப் பிரிவின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. அங்கே வீடு வாங்கியவர்கள், பெரிய வேலைகளைத் தொடங்கும் முன் அந்தக் காலம் எப்போது முடிகிறது என்று பத்திரத்தில் பாருங்கள்.

5. சங்கம் தடுக்க முடியாதவை

மாவிலைத் தோரணம், வாசலில் பிள்ளையார், துளசி மாடம் பற்றித்தான் நம்மவர்கள் அதிகம் கேட்கிறார்கள். 202.018ஆம் பிரிவு நமக்குப் பெரிய ஆதரவு. உண்மையான சமய நம்பிக்கையால் உங்கள் வீட்டிலோ மனையிலோ வைக்கும் சமயப் பொருள்களைச் சங்கம் தடுக்கக் கூடாது. முன்பு வாசல் கதவையும் நிலையையும் மட்டுமே சொன்ன சட்டம், 2021இல் மனை முழுவதற்கும் விரிந்தது.

ஆனால் எல்லைகள் உண்டு. பொதுச் சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ இடையூறாக இருக்கக் கூடாது. சங்கத்துக்குச் சொந்தமான இடத்திலோ பொது இடத்திலோ வைக்கக் கூடாது. கட்டட எல்லைக்கோடு, ஈஸ்மென்ட் (உங்கள் மனையில் மற்றவர் பயன்பாட்டுக்கு விட்ட பகுதி), பொதுவழி உரிமை ஆகியவற்றை மீறக் கூடாது. வாசலில் சிறிய பிள்ளையார் சிலைக்குப் பாதுகாப்பு உண்டு. முன் புல்வெளியில் எல்லைக்கோட்டைத் தாண்டி மண்டபம் கட்டினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோலார் பலகையைச் சங்கம் பொதுவாகத் தடுக்க முடியாது. கூரையில் எந்தப் பக்கம் என்று சொல்லலாம். ஆனால் உங்கள் இடத்தில் வைத்தால் ஆண்டு மின் உற்பத்தி 10 சதவீதத்துக்கு மேல் கூடும் என்று காட்டினால் உங்கள் இடமே. மழைநீர்ப் பீப்பாய், உரக்குழி, வறட்சி தாங்கும் செடிகள், பாதுகாப்புக் கேமரா, ஜெனரேட்டர், நீச்சல்குள வேலி ஆகியவற்றுக்கும் 202இல் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. தேர்தல் பலகையைத் தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து வைக்கலாம். இவற்றில் பலவற்றுக்கு, தடுக்க முடியாது என்றாலும் விண்ணப்பம் தேவைப்படும். "சட்டம் இருக்கிறது" என்று சொல்லி விண்ணப்பிக்காமல் வைத்தால், விண்ணப்பிக்காததே விதிமீறல் ஆகும்.

வாடகைக்கு விடுபவர்களுக்கு: குடிவருபவரின் விண்ணப்பத்தையோ கடன் மதிப்பெண்ணையோ சங்கம் கேட்க முடியாது, வாடகை ஒப்பந்தத்தைத் தன் ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்லவும் முடியாது. குடிவருபவரின் பெயர், தொடர்பு விவரம், வாடகை தொடங்கும் நாள், காலம் ஆகியவற்றைக் கேட்கலாம்.

6. கடிதம் வந்த நாளில் செய்ய வேண்டியது

உறையைத் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரையின் தேதி அதில்தான் இருக்கிறது. உறையையும் கடிதத்தையும் சேர்த்துப் படம் எடுத்துவிடுங்கள்.

முதலில் சாதாரணத் தபாலிலோ மின்னஞ்சலிலோ ஒரு நினைவூட்டல் வரும். அபராதத்துக்கு அது போதாது. அபராதம் போடும் முன், பொது இடங்களைப் பயன்படுத்தும் உரிமையை நிறுத்தும் முன், வழக்குத் தொடுக்கும் முன், 209.006இன்படி சர்டிஃபைட் மெயிலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதில் இவை இருக்க வேண்டும்:

- எந்த விதி, என்ன மீறல், பாக்கி இருந்தால் எவ்வளவு
- எந்தத் தேதிக்குள் சரிசெய்தால் அபராதம் இல்லை
- நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் விசாரணை கேட்கலாம் என்ற தகவல்

முப்பது நாளை எண்ணும்போது கவனம் வேண்டும். உங்களுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. அவர்கள் தபாலில் சேர்த்த நாளிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் வீட்டில் இல்லாமல் போய், தபால்காரர் சீட்டு ஒட்டிவிட்டுப் போய், சனிக்கிழமை தபால் நிலையம் சென்று வாங்கினால், அதற்குள் பத்து நாள் கழிந்திருக்கும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், தபாலைப் பார்த்து உடனே படம் அனுப்ப யாரையாவது ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

சரிசெய்யும் அவகாசம் எல்லா மீறலுக்கும் கிடையாது. நடந்து முடிந்துவிட்டதை, திருத்த முடியாததை, சட்டம் தனியே வைக்கிறது. அதற்குச் சட்டம் தரும் முதல் உதாரணமே வெடி வெடிப்பது. தீபாவளி இரவு தெருவில் வெடித்தால் "இனி செய்ய மாட்டேன்" என்று சொல்லி அபராதத்திலிருந்து தப்ப முடியாது. அதேபோல் ஆறு மாதத்துக்குள் அதே மாதிரியான மீறலுக்கு ஒருமுறை அவகாசம் தந்திருந்தால், மறுபடி தர வேண்டியதில்லை.

2024 ஜனவரி 1 முதல், அபராதம் போடும் சங்கம் எந்த வகை மீறலுக்கு எவ்வளவு என்ற பட்டியலை வைத்திருக்க வேண்டும். அது சங்கத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும், அல்லது ஆண்டுதோறும் உங்களுக்கு அனுப்பப்பட வேண்டும். நோட்டீஸில் சொன்ன தொகை அந்தப் பட்டியலோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

மீறல் உண்மைதான் என்று தெரிந்தால் உடனே சரிசெய்து, தேதி தெரியும்படி படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். அதோடு விசாரணையையும் கேட்டு வையுங்கள். கேட்பதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதில் ஒரு பெரிய பயன் இருக்கிறது: விசாரணை முடியும் முன் சங்கம் செய்த வழக்கறிஞர் செலவை உங்கள் தலையில் வைக்க முடியாது என்று 209.008 சொல்கிறது. என் 612 டாலரில் 412 டாலர் வழக்கறிஞர் கட்டணம். நான் விசாரணை கேட்டிருந்தால் அந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

விசாரணை கேட்கும் கடிதம் மூன்று வரி போதும்: "இன்ன தேதியிட்ட நோட்டீஸ் தொடர்பாக, டெக்சாஸ் சொத்துச் சட்டம் 209.007ஆம் பிரிவின்படி இயக்குநர் குழுவின் முன் விசாரணை கோருகிறேன்." சர்டிஃபைட் மெயிலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். நிர்வாக நிறுவனத்தின் ஊழியரிடம் தொலைபேசியில் பேசியதை நம்பி இருக்காதீர்கள். அவர் அன்பாகப் பேசுவார், "குறிப்பு எழுதி வைக்கிறேன்" என்பார். அது கோரிக்கை ஆகாது.

7. விசாரணை நாள்

கேட்ட முப்பது நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும். தேதியைப் பத்து நாள் முன்பே சொல்ல வேண்டும். அதேபோல் விசாரணைக்குப் பத்து நாள் முன்பே, அவர்கள் காட்டப்போகும் படங்கள், கடிதங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரு கட்டாக உங்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் பதினைந்து நாள் தள்ளிவைக்க உங்களுக்கு உரிமை உண்டு.

இதை நேரில் பார்த்தேன். ஒப்புதல் பெற்ற பந்தல் ஆறடிக்கு மேல் போய்விட்டதாக மூன்றாம் ஆண்டு ஜூலையில் நோட்டீஸ் வந்தது. இம்முறை மறுநாளே விசாரணை கேட்டேன். ஆவணக் கட்டில் ஒரே ஒரு படம் இருந்தது. பின் சந்திலிருந்து எடுத்தது. வேலிக்கு மேலே பச்சை இலையும் மஞ்சள் பூவும் தெரிந்தன. மரக்கால் ஒன்றும் தெரியவில்லை. அன்று மாலை என் மனைவி பந்தலின் உச்சிக் கட்டையில் அளவு நாடாவைப் பிடித்துத் தரைவரை தொங்கவிட, நான் படம் எடுத்தேன். ஐந்தடி பதினோரு அங்குலம். எண் தெளிவாகத் தெரியும்படி கிட்டத்தில் ஒன்று, வேலியோடு சேர்த்துத் தூரத்தில் ஒன்று, ஒப்புதல் கடிதத்தை அதே கட்டையில் ஒட்டி இன்னொன்று.

நீச்சல்குளத்தை ஒட்டிய கிளப்ஹவுஸ் அறையில் விசாரணை நடந்தது. சங்கத்தின் தரப்புதான் முதலில் பேச வேண்டும் என்பது சட்டம். அவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, மூன்று படங்களையும் ஐந்து பிரதி எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். ஒலிப்பதிவு செய்ய இரு தரப்புக்கும் உரிமை உண்டு, சொல்லிவிட்டுச் செய்தேன். கொடியை வேலி மட்டத்துக்கு வெட்டிவிடச் சொன்னார்கள், பந்தல் நின்றது, அபராதம் இல்லை. இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அபராதம் விதிப்பது, சந்தாவை உயர்த்துவது, சிறப்பு வசூல் போன்ற முடிவுகளை உறுப்பினர்களுக்கு அறிவித்து நடத்தும் திறந்த கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். வழக்கமான கூட்டத்துக்கு 144 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும் அறிவிப்பு வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே விதியை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று கவனித்து வையுங்கள். சங்கத்தின் முடிவு நியாயமானது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். தன்னிச்சையானது, பாரபட்சமானது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. நிபந்தனை மீறலுக்குச் சட்டம் நாளொன்றுக்கு 200 டாலர் வரை விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே தெளிவான மீறலை வைத்துக்கொண்டு வழக்குக்குப் போகாதீர்கள்.

8. கணக்கும் ஆவணமும் கேட்க

209.005இன்படி எந்த வீட்டுக்காரரும் சங்கத்தின் கணக்குகளைப் பார்க்கலாம். சர்டிஃபைட் மெயிலில், எந்த ஆவணம், எந்தக் காலம் என்று தெளிவாக எழுதிக் கேட்க வேண்டும். "எல்லாக் கணக்கும் வேண்டும்" என்று எழுதினால் வேலை இழுத்தடிக்கும். பத்து வேலை நாளில் தர வேண்டும். முடியாவிட்டால் எழுதித் தெரிவித்து இன்னும் பதினைந்து வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம். நகலுக்குக் கட்டணம் வாங்க, சங்கத்திடம் பதிவான கட்டண விதி இருக்க வேண்டும். பக்கத்துக்குப் பத்து சென்ட் அளவில்தான் வாங்கலாம். மற்ற வீட்டுக்காரர்களின் விதிமீறல் விவரமும் பாக்கியும் கிடைக்காது.

9. சந்தாவை மட்டும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள்

கோபத்தில் பலர் செய்யும் தவறு இது. டெக்சாஸ் குடியிருப்பு வீட்டுக்கு அரசமைப்பில் வலுவான பாதுகாப்பு உண்டு, கடன்காரர் எளிதில் பறிக்க முடியாது என்பது உண்மை. ஆனால் சங்கச் சந்தாவுக்கு அந்தப் பாதுகாப்பு நிற்காது என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1987இல் இன்வுட் நார்த் வழக்கில் சொல்லிவிட்டது. சந்தா பாக்கிக்காக, நீதிமன்ற உத்தரவு பெற்று, வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர முடியும். வெறும் அபராதத்துக்காகவோ, அபராதம் தொடர்பான வழக்கறிஞர் கட்டணத்துக்காக மட்டுமோ ஏலம் விட முடியாது. ஏலம் போனாலும், விற்பனை நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 180 நாளுக்குள் பணம் கட்டி மீட்கலாம்.

கையில் பணம் இல்லை என்றால் தவணை கேளுங்கள். பதினான்கு மனைகளுக்கு மேல் உள்ள சங்கம் தவணைத் திட்டம் வைத்திருக்க வேண்டும். குறைந்தது மூன்று மாதம் தர வேண்டும். வசூல் நிறுவனத்துக்குக் கணக்கை அனுப்பி அந்தச் செலவை உங்களிடம் கேட்கும் முன், 45 நாள் அவகாசத்தோடு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தவணையை அந்த 45 நாளுக்குள் எழுத்தில் கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஒத்துக்கொண்ட தவணையைத் தவறவிட்டால், அடுத்த இரண்டு ஆண்டுக்கு மறுக்கலாம்.

சந்தா பாக்கி இருக்கிறது என்று சொல்லிச் சங்கத் தேர்தலில் ஓட்டுப் போட விடமாட்டோம் என்றால் அது செல்லாது.

10. ஜஸ்டிஸ் கோர்ட்

209ஐச் சங்கம் மீறினால், உங்கள் பகுதியின் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். 20,000 டாலர் வரையிலான வழக்குகள் அங்கே வரும். வழக்கறிஞர் இல்லாமலே போகலாம். மனுக் கட்டணம் 54 டாலர். சம்மன் கொடுக்கத் தனிக் கட்டணம் உண்டு, கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஆவணம் தராததற்கான வழக்கென்றால், பத்து வேலை நாள் முன்பே "வழக்குப் போடப்போகிறேன்" என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் அந்தக் கடிதத்திலேயே ஆவணம் வந்துவிடும். வென்றால் செலவுத் தொகையை வருங்காலச் சந்தாவில் கழித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். தோற்றால் சங்கத்தின் செலவை நீங்கள் ஏற்க வேண்டி வரும்.

11. முடிந்தது என்று எழுதி வாங்குங்கள்

விசாரணையில் வாயால் "சரி" என்று சொன்னதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மீறல் முடித்துவைக்கப்பட்டது, பாக்கி இல்லை என்று ஒரு வரி எழுத்தில் கேளுங்கள். நான் கேட்ட பிறகுதான் தெரிந்தது, முதல் ஆண்டு நோட்டீஸ் அவர்கள் கணினியில் இன்னும் திறந்தே கிடந்தது. பணம் கட்டி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. வீட்டை விற்கப் போயிருந்தால் ரீசேல் சர்டிஃபிகேட்டில் அது ஏறியிருக்கும். ரசீதின் நகலை அனுப்பினேன். ஆறு நாளில் மூடிவிட்டதாகப் பதில் வந்தது. அந்தக் கடிதமும், ஒப்புதல் கடிதமும், அளவு நாடாப் படங்களும், பச்சை நிற சர்டிஃபைட் மெயில் சீட்டுகளும் வீட்டுப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் இருக்கின்றன.